கச்சானையும் மாரியையும் அறிந்த வீடு

வைகாசி பிறந்துவிட்டால், மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரை ஊர்களில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். இலட்சக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய புது வீடு பகல் முழுக்க வெறுமையாகக் கிடக்கும். வீட்டிலுள்ளவர்கள் வளவின் மூலையில் நிற்கும் வேம்பின் கீழோ, பழைய கிடுகுக் கொட்டிலிலோ பாயை விரித்திருப்பார்கள். உள்ளே மின்விசிறி சுடுகாற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். அதே வீட்டைக் கார்த்திகையில் போய்ப் பாருங்கள். முற்றத்தில் கணுக்கால் அளவு வெள்ளம் நிற்கும். மலசலகூடக் குழி நிரம்பி வழியும். கிணற்று நீர் நிறம் மாறியிருக்கும். கடன்பட்டுக் கட்டிய வீடு, மிகவும் தேவைப்படுகிற இரண்டு பருவங்களிலும் குடியிருப்பவர்களைக் கைவிட்டுவிடுகிறது.

சுற்றாடலுக்கு இசைவாக வீடு கட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் சூரியத் தகடுகளைப் பற்றியே விசாரிக்கிறார்கள். அவற்றைப் பற்றிக் கடைசியில்தான் சொல்லப்போகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் ஒரு வீடு பசுமையானதா இல்லையா என்பது, கடைக்குப் போய் எதையும் வாங்குவதற்கு முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. வீடு வளவில் எந்தத் திசையில் நீள்கிறது, கூரை எவ்வளவு தூரம் இறங்குகிறது, குழி எங்கே வெட்டப்படுகிறது ஆகிய மூன்றையும் சரியாகச் செய்தவருக்கு மற்றவை எளிதாகும். இவற்றில் தவறிவிட்டால் பின்னர் எந்தத் தகடும் அந்த வீட்டைக் காப்பாற்றாது.

முதலில் காற்றையும் வெயிலையும் பார்ப்போம். மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான மாரியில் கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசி முதல் ஆவணி வரை நாட்டின் மேற்குப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை பெய்யும்போது, அதே காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் ஈரத்தை இறக்கி வைத்துவிட்டு, வறண்டு, கீழிறங்கும்போது மேலும் சூடாகி எங்களை வந்தடைகிறது. அதுதான் கச்சான். நுவரெலியாவில் மழைக்கோட்டு அணிந்திருக்கும் நாளில் செங்கலடியில் உதடு வெடிப்பது இதனால்தான். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து நுழைந்தால் ஓரளவு ஆறுதல் கிடைக்கும். கச்சான் வலுத்த நாட்களில் அதுவும் கரையைத் தாண்டி வருவதில்லை.

சூரியனின் கணக்கு இன்னும் தெளிவானது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 முதல் 8 பாகைக்குள் இருக்கிறோம். சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்பும் ஆவணி நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது சற்று வடக்கே சாயும். மார்கழியில் தெற்கே 30 பாகைக்கு மேல் இறங்கும். ஆகவே தெற்குச் சுவருக்கும் வடக்குச் சுவருக்கும் கூரை இறக்கமே போதிய காவல். 3 அடி நீளும் இறவாரம், ஆனி மாத நண்பகலில் 10 அடி உயரமான வடக்குச் சுவரை முழுவதுமாக நிழலில் வைத்திருக்கும். மார்கழி நண்பகலில் தெற்குச் சுவரின் மேற்பாதியை, அதாவது யன்னல் இருக்கும் பகுதியை, அது மூடும். மேற்குச் சுவரின் கதை வேறு. மாலை 4 மணிச் சூரியன் தாழ்ந்து நின்று சுவரையே நேராகத் தாக்கும்போது அதே 3 அடி இறவாரம் இரண்டு அடிக்குக்கூட நிழல் தராது. எனவே வீட்டின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். குறுகிய பக்கமே மேற்கைப் பார்க்க வேண்டும். அந்த மேற்குப் பக்கத்தில் படுக்கையறையை வைக்காமல் களஞ்சிய அறை, குளியலறை, மாடிப்படி போன்றவற்றை வைத்தால் அவை வெயிலைத் தாங்கும் கவசமாகும்.

இதைச் சொன்னதும் எழும் முதல் கேள்வி நியாயமானது: காணி அப்படி இல்லையே, வீதி மேற்கில் இருக்கிறதே? இங்கே எங்கள் சமூக வழக்கத்தையும் பேசியாக வேண்டும். கிழக்குக் கரையில், தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும், வீடு பெரும்பாலும் பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே திருமணம் செய்து வைக்கிறோம். தாயின் வளவு மகள்களுக்குப் பிரிகிறது. பிறகு பேத்திகளுக்கும் பிரிகிறது. ஆரையம்பதி, காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது போன்ற இடங்களில் 10 பேர்ச்சஸ் என்பது இன்று பெரிய துண்டு. 10 பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 2,720 சதுர அடி, அதாவது 50 அடிக்கு 54 அடி. இந்தத் துண்டு நிலத்தில் திசைக்கு ஏற்ப வீட்டைத் திருப்புவது எளிதல்ல. ஆனால் வீட்டு வாசல் வீதியைப் பார்த்தால் போதும். யன்னல்கள் எல்லாம் வீதியைப் பார்க்க வேண்டியதில்லை. முகப்பை அழகாக்க மேற்கில் பெரிய கண்ணாடி யன்னல்களை வைப்பதைத்தான் நான் முதலில் தடுப்பேன். இன்னொன்று: அக்கா தங்கையின் துண்டுகளுக்கு நடுவே மதில் எழுப்பாமல் பொதுவாக ஒரு முற்றத்தை விட்டுவைத்தால், இரு வீட்டுக்கும் காற்று நுழைய வழி கிடைக்கும். பழைய வளவுகள் அப்படித்தான் இருந்தன. உறவுக்காரர்களின் வளவுகளுக்கிடையே மதில் எழும்பியது மிக அண்மைக் காலத்தில்தான்.

கூரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாடி இல்லாத வீட்டில் நண்பகல் வெப்பத்தின் பெரும்பங்கு சுவர் வழியாக அல்ல, கூரை வழியாகவே இறங்குகிறது. கிடுகும் இலுக்கும் வேய்ந்த கூரைக்குள் காற்று அடைபட்டிருப்பதால் அது வெப்பத்தைக் கடத்தவில்லை. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும், தீப்பற்றும். அதன் இடத்தைப் பிடித்தது கல்நார் (அஸ்பெஸ்டோஸ்) சீற். மலிவு, விரைவு, கடலுப்பில் துருப்பிடிக்காது. மக்கள் அதை விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தருவது என்று சொல்கிறது. இலங்கையில் 2018 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி 2024இல் முற்றாக நிறுத்துவதென்று அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், கல்நாரை ஏற்றுமதி செய்யும் ரஷ்யா, தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி இலங்கைத் தேயிலையை இடைநிறுத்தியது. கொழும்பு கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. தேயிலைக்கான தடையும் நீங்கியது. நம் தலைக்கு மேல் எது இருக்கலாம் என்பது தேயிலைச் சந்தையில் தீர்மானமான கதை இது. ஏற்கெனவே கல்நார்க் கூரையின் கீழ் வாழ்பவர்கள் பதற்றமடைய வேண்டியதில்லை. உடையாத சீற்றிலிருந்து தூசு அதிகம் பறப்பதில்லை. அதை அறுப்பதும், துளையிடுவதும், உலர்ந்த நிலையில் தேய்ப்பதும், உடைத்து முற்றத்தில் பரப்புவதுமே ஆபத்து. புது வீட்டுக்கு மட்டும் அதை வாங்காதீர்கள்.

மாற்று என்ன? சுட்ட மண் ஓடு இன்னமும் சிறந்தது. மேற்குக் கரையின் வைக்கால், தங்கொட்டுவைப் பக்கங்களிலிருந்து லொறியில் வருவதால் செலவு கூடும். ஆனால் பழைய வீடுகள் இடிபடும்போது கழற்றி விற்கப்படும் ஓடுகள் அரை விலையிலும் கிடைக்கின்றன. சுண்டிப் பார்த்து மணியோசை எழுந்தால் அந்த ஓடு இன்னும் பல்லாண்டு நிற்கும். ஓட்டுக்கு இயலாதவர்கள் வெள்ளை அல்லது வெளிர் நிற உலோகத் தகட்டைப் போடலாம். ஆனால் அதன் கீழே ஒரு கூரைத்தட்டும், தகட்டுக்கும் தட்டுக்கும் நடுவே காற்று போய்வர இடமும் கட்டாயம் வேண்டும். முகட்டிலும் இரு முக்கோணச் சுவர்களிலும் காற்றுத் துவாரங்களை அடைத்துவிட்டு, கீழே குளிரூட்டி பூட்டுகிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. சூடான காற்று மேலே எழும். வெளியேற வழி வைத்தால் அது தானாகப் போய்விடும், அதற்கு மின்சாரம் தேவையில்லை. தட்டையான கொங்கிரீட் கூரையோ பகல் முழுக்கச் சேர்த்த சூட்டை இரவு பத்து மணிக்கும் படுக்கையில் இறக்கிக்கொண்டிருக்கும். அண்ணன் தம்பி மத்திய கிழக்கில் உழைத்து அனுப்பிய பணத்தில் மேல்மாடியை எண்ணித் தட்டுப் போட்டு, மாடி கட்டாமலே பத்தாண்டு கழிந்த வீடுகள் எத்தனை! அப்படியானால் அந்தத் தட்டின் மேல் ஒரு தகட்டுப் பந்தலாவது போட்டு நிழல் கொடுங்கள்.

நீண்ட இறவாரம் வேண்டும் என்று சொன்னேன். அதில் ஓர் ஆபத்தும் உண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவை இங்குள்ள முதியவர்கள் மறக்கமாட்டார்கள். அந்தச் சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னைகள் பெரும்பாலும் சாய்ந்தன. கூரைகள் கீழே அமுங்கி விழவில்லை, மேலே பிடுங்கப்பட்டுப் பறந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். புயற்காற்று இறவாரத்தின் அடியில் புகுந்து மேலே தூக்கும். ஆகவே நாற்புறமும் சரியும் கூரை, இருபுறம் மட்டும் சரியும் கூரையைவிடப் பாதுகாப்பானது. ஏறத்தாழ 30 பாகைச் சரிவு நல்லது. மிகத் தட்டையான சரிவைக் காற்று எளிதாகத் தூக்கும். சுவரின் உச்சியில் சுற்றிவர ஒரு கொங்கிரீட் வளையத்தை ஓட்டி, அதிலேயே பதித்த இரும்பு ஆணிகளால், கைமரங்களைத் தாங்கும் மரமான வளையையும், வளையோடு ஒவ்வொரு கைமரத்தையும் பட்டையால் பிணைக்க வேண்டும். விறாந்தையின் கூரையை வீட்டுக் கூரையின் நீட்டாகப் போடாமல் தனியாகக் கட்டுவது இன்னும் புத்தி. புயல் விறாந்தையைப் பிடுங்கினாலும் அது பெரிய கூரையை இழுத்துக்கொண்டு போகாது. இந்த வேலைகளுக்கு ஆகும் இரும்பு, மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு. ஓடாவி கூரை ஏறும் நாளில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது இதைத்தான்.

சுவருக்கு வருவோம். இன்று எல்லோரும் சீமெந்துக் கல்லையே அடுக்குகிறார்கள். சுண்ணக்கல்லைச் சுட்டுச் சீமெந்து ஆக்கும்போது எரிபொருளிலிருந்து மட்டுமல்ல, கல்லுக்குள்ளிருந்தும் கரியமிலவாயு வெளிவருகிறது. உலகின் மொத்த வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 வீதம் சீமெந்திலிருந்து வருகிறது. அந்தத் தூரத்துக் கணக்கு மனதில் ஒட்டாவிட்டாலும் பக்கத்துக் கணக்கு ஒட்டும்: 2022இல் ஒரு மூடை சீமெந்து 3,000 ரூபாயைத் தாண்டியபோது எத்தனை வீடுகள் யன்னல் மட்டத்தில் நின்றுபோயின! சீமெந்துக்குத் துணையான மணல் எங்கள் ஆறுகளிலிருந்தே அள்ளப்படுகிறது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஆற்றங்கரைகள் இடிந்து வயலுக்குள் வருவதை அங்குள்ள விவசாயிகளிடம் கேட்டால் தெரியும்.

மண்ணை 5 முதல் 10 வீதம் சீமெந்தோடு கலந்து இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் கல் ஒரு நல்ல வழி. சூளை வேண்டாம், விறகு வேண்டாம். இலங்கைக் கட்டளைகள் நிறுவகம் இதற்கு எஸ்எல்எஸ் 1382 என்ற தரத்தையே வகுத்திருக்கிறது. எனவே மண்வீடு என்று யாரும் இளக்காரமாகப் பேச இடமில்லை. ஆனால் எல்லா மண்ணும் உதவாது. ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு மண்ணும் மீதிக்கு நீரும் விட்டுக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் மணலும் மேலே களியும் படிந்திருக்கும். மணல் பாதிக்கு மேலும், களி ஓரளவும் இருந்தால் நல்லது. களி கூடினால் கல் வெடிக்கும். களியே இல்லாவிட்டால் உதிரும். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்தில் கிறவல் மண் அருகிலேயே கிடைக்கும். களுவாஞ்சிகுடியிலோ காரைதீவிலோ காலடியில் வெறும் கடல்மணல்தான். அங்கே மண்ணை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து மண்கல் செய்வது பெரிய இலாபமல்ல. அந்த ஊர்களுக்குச் செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு பொருந்தும். கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய இம்முறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கல் மிச்சமாகும். நடுவிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். எங்கே கட்டினாலும், 2011 ஜனவரி வெள்ளம் வளவில் எந்த மட்டம் வரை நின்றது என்று அயலவரிடம் கேட்டு, அதற்கு மேலே இரண்டு அடி வரை கருங்கல்லாலோ கொங்கிரீட்டாலோ எழுப்பிய பிறகே மண்கல்லைத் தொடங்க வேண்டும். ஊறிய மண்கல் சுவருக்கு உறுதி கிடையாது.

பழையதெல்லாம் பசுமை என்று நினைப்பதும் தவறு. எங்கள் பாட்டன்மார் பூசிய வெண்சுண்ணாம்பின் ஒரு பகுதி கல்குடா, வாழைச்சேனைக் கடலின் பவளப்பாறையை உடைத்துச் சுட்டது. 1988இல் திருத்தப்பட்ட கரையோரப் பாதுகாப்புச் சட்டம் அந்த அகழ்வைத் தடைசெய்தது, அது நல்லதே. பவளப்பாறை அலையின் வேகத்தைக் குறைக்கிறது. வாவியோரக் கண்டல்களும் அவ்வாறே கரையைக் காக்கின்றன. கண்டல் கம்பில் வேலி போட்டுவிட்டு அதை இயற்கை வேலி என்று சொல்லக்கூடாது.

இனி நீர். அடுத்த தலைமுறை எங்களை அதிகம் நோகப்போவது இதில்தான். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில் மழைநீர் ஒரு வில்லையைப் போல உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசானது என்பதால் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் இருந்தால், கணக்கின்படி கீழே 40 அடிவரை நன்னீர் தாங்கி நிற்கும். மறுபக்கமும் அதுதான்: மோட்டார் போட்டு மேல்மட்டத்தை 1 அடி குறைத்தால் உப்பு கீழிருந்து பல அடி எழும்பும். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளைத் துப்புரவாக்க மீண்டும் மீண்டும் இறைத்தபோது உவர் குறையாமல் நின்றதன் காரணங்களில் இதுவும் ஒன்று. இறைப்பதானால் சிறிது சிறிதாக இறைக்க வேண்டும்.

அந்த மணலுக்குள்ளேயே குழியும் வெட்டுகிறோம். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். 50 அடி அகலமே உள்ள துண்டில் அதை எப்படிக் கடைப்பிடிப்பது? நம் கிணற்றிலிருந்து விலக்கினால் அயல்வீட்டுக் கிணற்றை நெருங்கும். அடியில்லாத குழியிலிருந்து கழிவுநீர் மணலில் தடையின்றி இறங்குகிறது. கிணற்றில் நைத்திரேற்றும் கிருமியும் ஏறுகின்றன. ஒரு வீட்டுக்கு இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் வற்புறுத்திச் சொல்லும் செலவு ஒன்று உண்டென்றால் அது அடியும் பக்கமும் அடைத்துக் கட்டிய, இரண்டு அறையுள்ள தொட்டிதான். அதிலிருந்து வழியும் நீரை ஆழக் குழிக்குள் விடாமல், நிலமட்டத்துக்கு மேலே கல்லும் மணலும் நிரப்பி உயர்த்திய பாத்தியில் விட்டு, வாழையும் கல்வாழையும் நடலாம். வெயில் காலத்தில் அவை பெரும்பகுதி நீரைக் குடித்துவிடும். மாரியில் அப்படி நடக்காது. அதனால்தான் பாத்தி உயரமாக இருக்க வேண்டும்.

உன்னிச்சைக் குளத்து நீர் குழாய் வழியாக இப்போது பல ஊர்களுக்கு வருகிறது. அதனால் கிணறு மறக்கப்படுகிறது. மறந்ததும் அது குப்பைக் குழியாகிறது. குழாய் நிற்கும் நாளில்தான் அதன் அருமை தெரியும். மழைநீரையும் சேருங்கள். 1 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர். 1,000 சதுர அடிக் கூரையில், சிந்துவது போக, ஆண்டுக்கு ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல் விழுகிறது. ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் என்றால், மழையில்லாத 150 நாட்களுக்கு 3,750 லீற்றர் போதும். 5,000 லீற்றர் சீமெந்துத் தாங்கி ஒன்று அந்தத் தேவையை முழுதாகத் தாங்கும். முதல் மழையைத் திருப்பி வெளியே விடும் ஒரு குழாய்ச் சந்தியும், நுளம்பு புகாத மூடியும் மறவாமல் வேண்டும்.

குசினியை எங்கே வைப்பது என்பதில் மனையடி சாத்திரம் தென்கிழக்கை அக்கினி மூலை என்கிறது. இந்த ஊரின் காற்றை வைத்துப் பார்த்தால் அதில் நல்ல நியாயம் இருக்கிறது. கச்சான் தென்மேற்கிலிருந்தும், மாரிக்காற்று வடகிழக்கிலிருந்தும் வீசுகின்றன. இரண்டும் ஒரே மூலைவாட்டில் ஓடுவதால், தென்கிழக்கு மூலையில் எழும் புகை எந்தப் பருவத்திலும் வீட்டுக்குள் புகாமல் விலகிப் போகும். கடற்காற்று மட்டும் அதைத் தெற்கு அறைகளின் பக்கம் கொண்டுவரும். அதற்குப் புகைபோக்கி வேண்டும். சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுக்கப்பட்ட 500 சதுர அடி வீடுகள் பலவற்றில் விறகடுப்புக்கு இடமே வைக்கப்படவில்லை. குடிவந்தவர்கள் பின்னால் கிடுகில் ஒரு குசினியைத் தாங்களே சாய்த்துக்கொண்டார்கள். 2022இல் எரிவாயு கிடைக்காத மாதங்களில் அந்தக் குசினிகளே ஊரைச் சாப்பிட வைத்தன.

அளவைப் பற்றி ஒரே சொல்: கட்டாத சதுர அடிக்குச் சீமெந்தும் வேண்டாம், கடனும் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறார்கள் என்பதற்காக 1,500 சதுர அடி எழுப்பி, ஐந்தாண்டு பூசாமல் விடுவதைவிட, 700 சதுர அடியை முழுமையாக முடித்து, பிறகு அறை சேர்க்கும் பக்கத்தை வரைபடத்திலேயே குறித்து வைப்பது மேல். சூரியத் தகடு இந்த வேலைகளுக்குப் பிறகு வருகிறது. 1 கிலோவாட் தகடு மாதத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 120 அலகு தரும். கிழக்கு மேற்காக முகடு ஓடும் வீட்டில் தெற்குச் சரிவு தகட்டுக்குத் தானாகவே வாய்த்துவிடும்; அடியிலுள்ள கூரைக்கு நிழலும் கிடைக்கும். வெப்பம் குறைந்த வீட்டுக்குச் சிறிய தகடே போதும். கடலோரத்தில் சட்டங்களும் ஆணிகளும் துருப்பிடிக்காதவையாக இருக்கட்டும். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுபவர்கள் பிரதேச சபையின் அனுமதியோடு கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியையும் பெற வேண்டும்.

வேலை தொடங்கும் மாதமும் முக்கியம். தை மழை ஓய்ந்து நிலம் இறுகும் மாசியில் அத்திவாரம் வெட்டினால், பங்குனி சித்திரையில் கல் அழுத்தி, மூன்று நான்கு வாரம் ஈரச் சாக்கின் கீழ் வைத்துப் பதப்படுத்தலாம். கச்சான் காலத்தில் சுவர் எழும். அந்த உலர்ந்த காற்று சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க மேசனிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். ஆவணிக்குள் கூரை ஏறினால், புரட்டாதியில் பீலியும் தாங்கியும் பூட்டி ஐப்பசி மழையைப் பிடிக்கலாம். மேற்கு வெயிலை மறிக்க எல்லையில் நட வேண்டிய வேம்பும் பூவரசும் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. காணி கைக்கு வந்த முதல் மாரியிலேயே, படம் வரைவதற்கும் முன்பாக, பூவரசங் கதியால்களை வரிசையாக ஊன்றி, நடுவே வேப்பங்கன்றுகளை வைத்து, ஆடு கடிக்காதபடி முள் கட்டிவிட வேண்டும்.